மச்சானின் நெஞ்சு

இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவான சி.சி.யூ.வில் வேலை பார்த்தவரைக்கும் நான் மகாராணி. அங்கே நோயாளிகள் ஒயர்களுக்கு நடுவில் அசையாமல் கிடப்பார்கள். எதிர்த்துப் பேச மாட்டார்கள். தேறியவர்களை டெலிமெட்ரி வார்டுக்கு அனுப்புவோம். அங்கே கழுத்தில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டால் போதும், ஆள் நடமாடலாம்; நெஞ்சுத் துடிப்பு நர்ஸ் மேஜைத் திரையில் கோடாக ஓடும். போன மாதம் என்னை அந்த வார்டுக்கு மாற்றினார்கள். நடமாடுகிற நோயாளியைப் போல ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது.

அதிலும் கோபால்சாமி. ஜவ்வாது மலைக்காரர், மாரடைப்பில் வந்து பிழைத்தவர். காலையிலிருந்து அரித்தெடுத்தார்.

"சிஸ்டர், சாமை அறுப்புக்கு நிக்குதுங்க. எப்பங்க வுடுவீங்க?"

"மதியம் வரைக்கும் கோடு ஒழுங்கா ஓடட்டும், அனுப்பிடுவாங்க. ஓடலைன்னா மறுபடி சி.சி.யூ.தான்."

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

துணைக்கு இருந்தவர் அவர் மனைவியின் தம்பி தமிழ்மணி. தேக்கு மரம் மாதிரி ஆள். மாரடைப்பு வந்த அன்று மாமாவை பஸ் ரோடு வரைக்கும் தோளில் தூக்கி வந்தவரே அவர்தான்.

நான் மற்றவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கோபால்சாமியின் கோடு கோணலானது. இரண்டு துடிப்பு, பிறகு ஒன்றுமே இல்லை. மறுபடி ஒரு துடிப்பு, மறுபடி ஓய்வு. அலாரம் அலறியது. டாக்டருக்கு போன் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கட்டிலில் ஆள் இல்லை. வராந்தாவில் ஜம்மென்று நின்று மசால் வடை தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, பெட்டி எங்க?"

"அது வந்துங்க... மச்சான் மாட்டினு இருக்கான்."

"அவரு எதுக்கு மாட்டணும்?"

"என் நெஞ்சு கோளாறு புடிச்சதுங்க, பாஸாவாது. அவனுது கல்லு மாதிரி. ஒரு மத்தியானம் அவனுதக் காட்டிட்டா வூட்டுக்குப் போய்டலாம்னு..."

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. அப்படியானால் அந்தக் கோடு யாருடையது?

தூணுக்குப் பின்னால் பெஞ்சில் தமிழ்மணி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"தலை சுத்துதா தமிழ்மணி?"

"அப்பப்ப சுத்தும் சிஸ்டர். வெயிலுன்னு இருந்துட்டேன். இன்னா, மாமா பாஸாய்ட்டாரா?"

அதே ஸ்ட்ரெச்சரில் அவரைச் சி.சி.யூ.வுக்குத் தள்ளினோம். "எந்த நிமிஷமும் நின்னிருக்கும். பேஸ்மேக்கர் வெச்சாகணும்" என்றார் டாக்டர்.

பெட்டி உரியவரிடம் திரும்பியது. கோபால்சாமியின் கோடு பிசிறில்லாமல் ஓடியது. மறுநாள் டிஸ்சார்ஜ் சீட்டோடு தேடினால் மனிதர் சி.சி.யூ. வாசலில், தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்க ஐயா, பஸ் போயிடும். சாமை அறுக்க வேணாமா?"

"சாமை கெடக்குது சிஸ்டர். நேத்து என் பேர்லதானங்க அவன் நெஞ்சு ஓடுச்சு? அத உள்ள வுட்டுட்டு நான் எங்க போறது?"

திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. அழுகைதான் வந்தது. உள்ளே போய் ஒரு நாற்காலி எடுத்துவந்து அவருக்குப் போட்டேன்.