அனுப்பப்பட்டது என்றது திரை

1

நான் முதலில் எழுத உட்கார்ந்தது கதை இல்லை, ஒரு கடிதம். ‘மதிப்பிற்குரிய’ என்று தொடங்கி நான்கு நாட்கள் அந்த ஒரு சொல்லிலேயே நின்றேன். ஐந்தாம் நாள் அதே பக்கத்தில் இந்தக் கதை வர ஆரம்பித்தது. கடிதத்தில் எழுதியதற்கு நான் பொறுப்பு. கதையில் எழுதியதைக் கற்பனை என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் தொடக்கம் இது: ‘ஆவடியின் மேல் இளவெயில் பரவிக்கொண்டிருந்த அந்தப் புதன்கிழமைக் காலையில், தாயம்மா தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு —’

நிறுத்திவிட்டேன். அன்றைய வெயிலை நான் பார்க்கவில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏசி அறைக்குள் இருந்தேன். தாயம்மா என்று ஒருவர் இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

2

என் பெயர் ஸ்ரீராம். சொந்த ஊர் கோவில்பட்டி, இப்போது திருமுல்லைவாயிலில் ஃபிளாட். எஸ்டேட்டில் ஏழு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியில் இணையதளங்கள் செய்கிறேன். முதலாளி தட்சிணாமூர்த்தி. நான்கு வருடங்களுக்கு முன், ஆவடியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையத்துக்குத் தளம் செய்து தரும் வேலை வந்தது. எந்த நோயாளிக்கு எந்த நாள் என்று அதில் பதிவாகும். நாள் மாறினால் அவருடைய போனுக்குச் செய்தி போகும்.

அந்த வேலையில் என்னோடு இருந்தவள் யுவராணி. அயப்பாக்கத்துப் பெண், என் வயதுதான். (‘அவள் கண்களில் நெருப்பு இருந்தது’ என்று எழுதி அடித்துவிட்டேன். மூக்குக் கண்ணாடி இருந்தது. அதை அடிக்கடி துப்பட்டாவில் துடைப்பாள்.)

உலகமே எதையும் தேடுவதற்கு நம்பியிருக்கிற அந்தப் பெரிய கம்பெனி, எங்களைப் போன்றவர்களுக்காகக் கருவிகள் சிலவற்றை இலவசமாகத் தருகிறது. உள்நுழைவது, பதிவுகளைச் சேமிப்பது, செய்தி அனுப்புவது எல்லாம் தயாராக இருக்கும். அவர்கள் காட்டும் மாதிரி நிரலை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. யுவராணி வேண்டாம் என்றாள். செய்தி அனுப்பும் பகுதியை நாமே எழுதலாம், இரண்டு வாரம் பிடிக்கும் என்றாள். அந்தக் கம்பெனி ஆரவாரமாகத் தொடங்கிப் பிறகு மூடிவிட்ட கருவிகளையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு பக்கம் இருந்தது.

“நல்லாதான் கீது, நான் இல்லன்னு சொல்லல,” என்றாள். “நாளிக்கி அவன் வாணாம்னு மூடிட்டா நாம யார்கிட்ட போய் நிப்போம்? அவனுக்கு நாம யாருன்னே தெரியாது.”

நான் மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். யுவராணிக்குப் புதுசு என்றாலே பயம் சார் என்றும் சொன்னேன். தட்சிணாமூர்த்தி சிரித்தார். அந்தச் சொல் அலுவலகத்தில் அவளோடு ஒட்டிக்கொண்டது. எந்தக் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தாலும் யாராவது ஒருவர், பயமா யுவராணி என்று கேட்பார். எட்டு மாதத்தில் வானகரத்தில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

(இங்கே வாசகர் யுவராணி பக்கம் சாய்வார் என்று தெரியும். சாயட்டும். ஆனால் அந்தக் கருவி மூன்று வருடங்களுக்கு மேல் ஒரு நாளும் தவறாமல் வேலை செய்தது என்பதையும் நான் எழுதியாக வேண்டும். அந்த வருடங்களில் அவளை ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லை.)

3

கருவிக்கான கணக்கை அவளுடைய அலுவலக மின்னஞ்சலில்தான் திறந்திருந்தோம். வேண்டாம் என்று சொன்னவளையே உட்கார வைத்து நான்தான் திறக்கச் சொன்னேன். அவள் போன அன்று மாலை அந்த அஞ்சல்பெட்டியை மூடியதும் நான்தான்.

கம்பெனி, செய்தி அனுப்பும் கருவியை நிறுத்தப்போவதாக ஒரு வருடம் முன்பே அறிவித்தது. ஏழு முறை எச்சரித்து எழுதியது. ஏழும் மூடிய பெட்டிக்குப் போயின. சொன்ன தேதியில், ஒரு திங்கட்கிழமை, நிறுத்தியும் விட்டது.

அதே திங்கட்கிழமை மையத்தில் ஓர் இயந்திரம் பழுதானது. மேற்பார்வையாளர் ஷோபனா, புதன்கிழமை வரவேண்டிய தாயம்மாவைச் செவ்வாய்க்கு மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். ‘அனுப்பப்பட்டது’ என்றது திரை. உண்மையில் எதுவும் போகவில்லை. பொத்தானை அழுத்தியதுமே அப்படிக் காட்டும்படி எழுதியவன் நான். போய்ச் சேர்ந்ததா என்று பதில் வாங்கிப் பார்க்கும் பகுதி மாதிரி நிரலில் இல்லை, நானும் எழுதவில்லை.

தாயம்மா பட்டாபிராமிலிருந்து புதன்கிழமை வந்தார். செவ்வாய் போய்விட்டது, இனி வெள்ளிக்கிழமைதான் இடம் என்றார்கள். செய்தி வரவில்லையே என்று அவர் சொன்னதாக ஷோபனா எனக்குப் போன் செய்தார். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். புதன்கிழமை நண்பகலுக்குள் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் தாயம்மாவுக்கு மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மகன் சரண், பட்டறையில் வெல்டர், வேலைக்குக் கிளம்பியவன் அப்படியே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பதினோரு நாள் இருந்தார்.

4

முதல் பிரதியில் தாயம்மாவைச் சாகடித்தேன். ‘பதினோராம் நாள் அதிகாலையில் அந்த உயிர் —’ என்று ஒரு பத்தி முழுக்க எழுதினேன். படித்துப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. ஏன் அப்படி எழுதினேன் என்பதற்குப் பிறகு வருகிறேன். உண்மையில் அவர் பிழைத்தார்.

இதற்கிடையில் நான் யுவராணியைப் பார்க்க வேண்டியிருந்தது. கணக்குக்குள் நுழைவதற்கான எண் அவளுடைய போனுக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை வானகரத்தில் அவள் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். அவள் எண்ணைச் சொன்னாள். அஞ்சல்பெட்டியை மறுபடி திறந்திருந்ததால் ஏழு எச்சரிக்கைகளும் மடிக்கணினியில் வரிசையாக வந்து நின்றன. அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். அன்னிக்கே சொன்னேனே என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“அந்தம்மாகிட்ட சொல்ட்டியா?” என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரட்டும், சொல்கிறேன் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அன்று பிற்பகலே தளத்தைச் சரிசெய்தேன். அதே கம்பெனியின் புதிய கருவி. நிரல் எழுதித் தரவும் அவர்களுடைய இன்னொரு கருவி வந்துவிட்டது. கேட்டேன், எழுதிக் கொடுத்தது. மூன்று நாள்கூட ஆகவில்லை. தட்சிணாமூர்த்தி தட்டிக்கொடுத்தார்.

5

தாயம்மா திரும்பி வந்ததும் சரண் அவரையும் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வந்து நியாயம் கேட்டான். எங்களையும் கூப்பிட்டார்கள். போகும் வழியில் காரில் தட்சிணாமூர்த்தி சொன்னார்:

“நாமளா பொய் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு.”

அறையில் ஐந்து பேர். (இந்தக் காட்சியை நான்கு முறை எழுதிவிட்டேன். நான்கிலும் நான் கொஞ்சம் நல்லவனாக இருந்தேன். இது ஐந்தாவது.) சரண் நின்றுகொண்டே பேசினான். ஷோபனா பொய் சொல்கிறவர் இல்லை; தன் திரையைத் திருப்பி அவனுக்குக் காட்டினார். தாயம்மாவின் பெயர், திங்கட்கிழமை, நேரம், பச்சை எழுத்தில் ‘அனுப்பப்பட்டது’. சரண் இரண்டு தடவை படித்தான். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான். எங்களை நோக்கி வந்த கோபம் முழுவதும் அப்படியே திரும்பியது.

“எத்தினி வாட்டி சொல்றது உனுக்கு, போன பாரு பாருன்னு? உசுர கைல புட்ச்சிகினு ஓடுனேன் அன்னிக்கி.”

தாயம்மா மடியில் இருந்த போனைப் புரட்டிப் பார்த்தார். கை வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துத்தான் பேசினார். நான் எதிர் நாற்காலியில் இருந்தேன் என்பதைத் தவிர அதற்குக் காரணம் இருக்காது.

“தப்பு எம்மேலதான் சார். எனுக்கு இதெல்லாம் சரியா பாக்க வர்ல. எங்கியோ அமுக்கி அழிச்சிட்டேன் போல கீது. புள்ள பேசினத மன்சுல வெச்சிக்காதீங்க.”

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் பதில் சொல்லவில்லை. ஷோபனா எல்லோருக்கும் டீ வரவழைத்தார். நான் குடித்தேன்.

6

இதுவரை எழுதியதோடு, தாயம்மா சாகும் பத்தியையும் சேர்த்து யுவராணிக்கு அனுப்பினேன். மறுநாள் காலை போன் செய்தாள்.

“சாவட்ச்சிட்டா உனுக்கு ஈஸி,” என்றாள். “அப்பால யார்கிட்டயும் போய் சொல்ல வாணாம்ல?”

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். வேறு முடிவு எழுதினேன். அதில் நான் பட்டாபிராமுக்குப் போகிறேன். சரண் என் சட்டையைப் பிடிக்கிறான். தாயம்மா அவனை விலக்கி, எனக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்கிறார். எழுதும்போது அழுதேன். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. ஏதோ சொல்லி முடித்துவிட்ட மாதிரி இருந்தது. அதனால் அதையும் அழித்தேன். அதற்கு அடுத்து எழுதியது: ‘கடிதம் மையத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்று, தட்சிணாமூர்த்தி என்னை —’. அந்த வாக்கியம் இன்னும் அப்படியே இருக்கிறது. முடிக்கப் பயமாக இருக்கிறது.

இப்போது சரண் தினமும் பட்டறைக்குப் போகுமுன் அம்மாவின் போனை வாங்கி அவனே பார்க்கிறானாம். தாயம்மா பள்ளிப் பிள்ளை மாதிரி நீட்டுவாராம். ஷோபனாதான் சொன்னார், சிரித்துக்கொண்டே.

அதனால் முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆவடிப் பக்கம் இருப்பவர் என்றால், ஒரு புதன்கிழமை அந்த மையத்துக்குப் போங்கள். வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருப்பார். அம்மா, அன்றைக்கு உங்களுக்குச் செய்தி வரவே இல்லை, நீங்கள் எதையும் அழிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அவ்வளவுதான் மிச்சம்.

ஆனால் அவர் பெயர் தாயம்மா இல்லை. ஊர் ஆவடி இல்லை, நாள் புதன் இல்லை. எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உங்களால் அவரைக் கண்டுபிடிக்க முடியாது.