கோடிக்குக் காத்திருந்த உடம்பு

திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்தக் கடை வைத்திருக்கும் அழகியநம்பி, மனைவி ஸ்ரீலட்சுமியைக் கிடத்தியிருந்த கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். காலை ஆறு மணிக்கு அவள் உயிர் போயிற்று. அவருக்கு அழுகை வரவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்தார். அதில் சர்க்கரை இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஐம்பது வயதிலேயே மறதி நோய் பிடித்தவள் அவள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான் போனாள். மூளைக்குள் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து நரம்புப் பாதைகளைப் படமாக்கும் ஸ்கேனுக்கு மூன்று முறை போய்ப் படுத்தாள். இறந்தபின் அதே படத்தை எடுத்து, மூளையையும் வெளியே எடுத்து ஒப்பிட்டால்தான், உயிரோடு இருப்பவர்களின் படம் என்ன சொல்கிறது என்பது புரியும் என்றார் டாக்டர். உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் உடம்பு ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். மகள் பத்மப்ரியாவுக்கும் இது வந்துவிடுமோ என்று பயந்து, நினைவு தெளிவாக இருந்தபோதே ஸ்ரீலட்சுமி சம்மதம் எழுதிக் கொடுத்தாள்.

எழுதி என்ன? திருநெல்வேலியிலிருந்து அவளுடைய அண்ணன் வேல்சாமி போனில் சொல்லிவிட்டார்.

"மாப்ளே, பொறந்த வீட்டுக் கோடிப் பொடவ போத்தாம ஒடம்பு வாசல் தாண்டப்படாது."

நம்பி "சரி" என்றார். தலையைத் திறக்கப் போகிறார்கள் என்றால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஸ்கேன் விஷயத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல மனுஷன்தான், ஊர் வாய்க்கு மட்டும் அப்படியொரு பயம்! ஆம்புலன்ஸோடு வந்த நர்ஸ் ஷிஜி வாசலில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மப்ரியா இரண்டு முறை கெஞ்சினாள். மாமா வந்துவிடட்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

பாலராமபுரத்து நெரிசலில் கார் மாட்டிக்கொண்டது. வேல்சாமி பட்டுப்புடவையோடு படியேறியபோது மணி ஒன்றாகியிருந்தது. கோடி போர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் நம்பி எழுந்து, கொண்டு போங்கள் என்றார்.

"சமயம் கழிஞ்சு சாரே. இனி எடுத்தா பழைய படத்தோட ஒத்துநோக்கான் பற்றில்ல, ஒப்பிட முடியாது," என்று மெல்லச் சொல்லி, ஷிஜி சம்மதக் காகிதத்தை நீட்டினாள்.

வேல்சாமி அதை வாங்கிப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா மாப்ளே? கோடிய ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்து போத்தியிருப்பனே."

நம்பி கோடியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பத்மப்ரியாதான் பேசினாள்.

"அம்மா பட்டு கேக்கலப்பா. கேட்டது ஒரே ஒரு காரியம். நாலு பேரு என்ன நெனப்பாங்கன்னு அத முழுங்கிட்டீங்க. செத்தவங்களுக்கு மரியாதைன்னா, அவங்க உயிரோட சொன்ன சொல்லக் காப்பாத்துறதுதான்."

"ஆமா மக்களே," என்றார் நம்பி மகளிடம். அப்போதும் அவருக்கு அழுகை வரவில்லை.