பிறந்த வீட்டுக் கோடி

“அத்தைக்குச் சேலை எடுத்துட்டுப் போனா இயேசப்பா கோவிச்சுக்குவாராப்பா?”

ஆறு வயதில் மகள் மலர்விழி கேட்டது. அன்று போதகர் வளவனிடம் பதில் தயாராக இருந்தது. அக்கா அத்தாயியின் கணவர் இறந்துபோயிருந்தார். தாலி இழந்தவளுக்கு உடன்பிறந்தவன் கோடிச்சேலை கொண்டுபோய்ப் போடவேண்டும். ஊர் பார்க்க அவள் அதைத்தான் உடுத்துவாள். இறையியல் படித்து முடித்து அங்கி போட்ட புதிது அவருக்கு. அது அஞ்ஞானச் சடங்கு, ஊழியக்காரன் கை படலாகாது என்று மகளுக்கு விளக்கினார். எழவுக்குப் போனவர், சடங்கு தொடங்கும் முன்பே பஸ் ஏறிவிட்டார்.

பதினெட்டு வருடம் கழித்து இப்போது, சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு மேச்சேரி பஸ்ஸில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தார். காலையில் அக்கா இறந்துவிட்டாள்; அவள் உடலுக்குப் போர்த்தவேண்டிய பிறந்த வீட்டுக் கோடி அது. அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சபையார் போனில் விடாமல் கூப்பிட்டார்கள். ஒருவர் மகனின் பரீட்சைக்கு ஜெபிக்கச் சொன்னார். இன்னொருவர், ஞாயிறன்று சபையில் வாசிக்கவேண்டிய கல்யாண அறிவிப்பு ஓலையில் பெண்ணின் பெயர் தப்பாக இருக்கிறது என்றார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். எத்தனையோ சாவு வீடுகளில் நிதானமாகப் பேசியவர். இன்று கை பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தது. அன்று ஊர் நடுவே அக்கா எந்தச் சேலையில் உட்கார்ந்திருந்தாள் என்று இதுவரை அவர் யாரையும் கேட்டதில்லை. அக்காவும் சொன்னதில்லை. வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு முறுக்குத் தூக்கோடு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அக்கா வீட்டுப் பந்தலில் பெரியப்பா மகன் சின்னண்ணன் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வா சாமி. பைபிளக் கிய்பிள எடுத்துறாத, பூசாரி மெரண்டுக்குவான்.”

பக்கத்தில் இருந்தவர்கள் லேசாகச் சிரித்தார்கள். வளவன் பையை நீட்டினார். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்த அக்காவின் மேல் ஏற்கனவே ஒரு சேலை போர்த்தியிருந்தது. பச்சை நிறம், நைந்த கரை.

“நீ அன்னைக்குக் குடுத்தனுப்புன சேலைதான். அதத்தான் மொதல்ல போத்தோணும்னு சொல்லி வெச்சிருந்தா உங்கக்கா. உன்னுத அது மேல போடு. பாதிரியாப் போனாலும் பொறந்த ஊட்டு மொறைய உடுல பாரு நீ.”

வளவனுக்கு அந்தச் சேலையைத் தெரியாது. கண்ணால் கண்டதுகூட இல்லை.

“இல்லீங்கண்ணா, அது நான்...”

“மாமா,” என்றாள் அக்கா மகள் வசந்தாமணி. “மொதல்ல சேலையப் போடுங்க. போட்டுட்டுக் கை கழுவ வாங்க.”

அவர் போட்டார். நீலச் சேலை பச்சையை மூடியது. முகத்தருகே மட்டும் பழைய கரை தெரிந்தது. பெண்கள் அழுகையைக் கூட்டினார்கள். அவர் வாய் திறந்தபடியே பின்கட்டுக்கு நடந்தார்.

தண்ணீர்த் தொட்டியருகே வசந்தாமணி செம்பை நீட்டினாள்.

“யாரு அம்முணி குடுத்தது?”

அவள் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். ஜவுளிக்கடை அப்துல் சலாம் வீடு. அவர் மனைவி ரோஷன் பீவி அன்று கொல்லைப்பக்கமாக வந்து, பொட்டலத்தை இவள் கையில் திணித்திருக்கிறாள். உங்க மாமா அவசரமாப் போகவேண்டி இருந்துச்சாம், எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாருன்னு சொல்லு என்றாளாம். வேறு யாரிடமும் மூச்சு விடவில்லையாம்.

“அக்கா நம்பிக்கிட்டாளா?”

வசந்தாமணி குரலைத் தாழ்த்தினாள்.

“மடிப்புக்குள்ள சலாம் மாமா கடைச் சீட்டு இருந்துச்சுங்க. அம்மா பாத்தாங்க. நாலாக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டு, என் தம்பி எடுத்ததுன்னு எல்லாருத்துகிட்டயும் காட்டுனாங்க.”

செம்புத் தண்ணீர் அவர் செருப்பின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

“அந்தம்மா இருக்கறாங்களா?”

“போன ஆனி மாசம் மவுத்தாயிட்டாங்க. புள்ளைங்க ரெண்டு பேரும் துபாய்ல. சலாம் மாமாவுக்கு நடக்க முடியல. கபர்ஸ்தான்ல தெக்கு மூலைல, வேம்புக்குக் கீழதான் அடக்கம் பண்ணுனாங்க. யாரு போயிப் பாக்கறா?”

சுடுகாட்டுக்குப் போய் வந்தவர்கள் தலைமுழுகிக்கொண்டிருந்தபோது வளவன் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார். கபர்ஸ்தானின் இரும்புக் கதவு சும்மா சாத்தியிருந்தது. வெயில் இன்னும் சுவர் மேல் இருந்தது. செருப்பை வெளியே விட்டார்.

வேம்பின் கீழே ரோஷன் பீவி பெயர் எழுதிய சிறிய கல். அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பார்த்தீனியம், தரையோடு நெருஞ்சி. ஜெபிக்க வாய் வரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். சட்டைப் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நெருஞ்சி முள் குத்திய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த செடியைப் பிடித்தார். பிடுங்கியதையெல்லாம் வாரி வாரிச் சுவரோரம் கொண்டுபோய்க் குவித்தார்.

கல்லை ஒட்டியிருந்த கடைசிச் செடி வரமறுத்தது. மண்டியிட்டு, அதன் அடியில் இரண்டு விரலால் மண்ணைத் தோண்டினார். வேர் அறுபடாமல் வந்தது. குழியை மூடி, மண்ணை உள்ளங்கையால் தட்டி மட்டமாக்கினார்.