கடைசி வரிசையில் ஓர் ‘இல்லை’

மேலவை என்று யாராவது பேச்செடுத்தால் சிஸ்டருக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளிக்கிழமை மதியங்கள்தான். வாரத்தின் மற்ற நாட்களில் அந்த மண்டபம் சந்தைக்கடை. கேள்வி நேரத்தில் கேள்வியைவிடக் கூச்சல்தான் அதிகம். அவைத் தலைவர் “உட்காருங்கள், உட்காருங்கள்” என்று சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போவார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அதே மண்டபம் காற்று வாங்கும். பாதிப் பேர் பெட்டியும் கையுமாக ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். உயரத்து ஜன்னல்களிலிருந்து வெயில் இறங்கி, ஆளில்லாத சிவப்பு மெத்தைகளில் சௌகரியமாகப் படுத்திருக்கும்.

அமைச்சராக இல்லாத சாதாரண உறுப்பினர்கள் தாங்களே எழுதிக் கொண்டுவரும் மசோதாக்களுக்கு ஒதுக்கிய நேரம் அது. “ஆள் இல்லாத நேரமாப் பார்த்துத்தான் நமக்குக் குடுத்திருக்காங்க” என்று சிஸ்டர் முதல் வருடம் முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் நர்ஸாக வேலை பார்த்தவர். அந்தச் சேவைக்காக அவரை மேலவைக்கு நியமன உறுப்பினராக அனுப்பியிருந்தார்கள். எந்தக் கட்சியிலும் இல்லை. அவையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். ஒருமுறை அவைத் தலைவரே வாய் தவறி “சிஸ்டர் பேசலாம்” என்று சொல்லிவிட்டு, “மாண்புமிகு உறுப்பினர்” என்று திருத்திக்கொண்டார்.

கட்சிபலம் இல்லாதவர்களுக்குக் கடைசி வரிசை. அங்கே சிஸ்டருக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு முன்னாள் ரயில் டிரைவர். ரயிலண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய குட்டிக் கட்சிக்கு மேலவையில் அவர் ஒருத்தர்தான். “இங்க கட்சித் தலைவரும் நானே, கொறடாவும் நானே, தொண்டனும் நானே. உள்கட்சிச் சண்டை வந்தா மட்டும் கஷ்டம்” என்பார். பெரிய உருவம், அதைவிடப் பெரிய குரல். யார் பேசினாலும் அவர் வாயையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு கவனமாகக் கேட்கிற மனுஷன் இந்த அவையில் வேறு யாரும் இல்லை என்று சிஸ்டருக்கு அவர்மேல் தனி மரியாதை.

சிஸ்டர் ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார். ஆபத்தான நிலையில் இருக்கும் நோயாளியின் பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் எந்த நேரமும் இருக்கலாம், ஆஸ்பத்திரி தடுக்கக் கூடாது. அவ்வளவுதான் மசோதா. வார்டுக் கதவுக்கு வெளியே, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று நிறுத்தப்பட்ட மனைவிகளையும் அப்பாக்களையும் அவர் பார்த்துப் பார்த்து அலுத்தவர். ஒரு கிழவர் உள்ளே மனைவியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மா வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறக்க உத்தரவு வந்தபோது கூப்பிட அவர் இல்லை. அந்த அம்மா அழவில்லை, யாரையும் திட்டவில்லை. “கொஞ்சம் முன்னாடி விட்டிருக்கலாமேம்மா” என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு வார்த்தைதான் சிஸ்டரை மசோதா எழுத வைத்தது.

எழுதினால் போதுமா? அவையில் குறைந்தபட்ச எண்ணிக்கை இருந்தால்தான் விவாதமே நடக்கும். அதை எல்லோரும் கோரம் என்பார்கள். தலை குறைந்தால் மணி அடிக்கும். அப்போதும் ஆள் சேராவிட்டால் அவை கலைந்துவிடும். சிஸ்டரின் மசோதா இப்படியே வாரக்கணக்கில் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தது. பார்த்துப் பொறுக்காமல் ரயிலண்ணன் களத்தில் இறங்கினார். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் கேன்டீன் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார்.

“வாங்கய்யா, உள்ள வந்து உக்காருங்க. பேச வேண்டாம், கேக்க வேண்டாம், தூங்கினாக்கூடப் பரவாயில்ல. தலை மட்டும் எண்ணிக்கையில வேணும்!”

“ரயிலைப் பிடிக்கணும்ண்ணே.”

“ரயில் எப்பக் கிளம்பும்னு என்கிட்டயே சொல்றியா? அது நீ போனப்புறம்தான் கிளம்பும். வா.”

இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைப்பார். அப்படித்தான் விவாதம் நடந்தது. ஆளும் தரப்பிலேயே ரெண்டு பேர் ஆதரித்துப் பேசினார்கள். சிஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டத்தொடரின் கடைசி வெள்ளிக்கிழமை அவை கூடும் முன்பு நடைபாதையில் சுகாதார அமைச்சர் சிஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான்.

“சிஸ்டர், ஓட்டுக்கு விட்டா தோத்துடும். எங்க ஆளுங்களுக்கு எதிர்க்கச் சொல்லி உத்தரவு. தோத்த விஷயத்தை உடனே நானும் தொட முடியாது. நீங்க வாபஸ் வாங்குங்க. அடுத்த கூட்டத்தொடர்ல அரசே கொண்டுவரும். எம்பேர்ல நம்பிக்கை வைங்க.”

சிஸ்டர் யோசித்தார். பேர் யாருக்குப் போனால் என்ன, கதவு திறந்தால் சரி. அவசரமாக உள்ளே போய் உட்கார்ந்தார். அதற்குள் விவாதம் தொடங்கிவிட்டிருந்தது. ரயிலண்ணன் பக்கம் சாய்ந்து, “அண்ணே, வாபஸ் வாங்கிடறேன், அமைச்சர் வாக்குக் குடுத்திருக்கார்” என்று கிசுகிசுத்தார். ரயிலண்ணன் பலமாகத் தலையாட்டினார்.

அமைச்சர் பேசி முடித்தார். சிஸ்டர் எழுந்து, அவையின் அனுமதியோடு மசோதாவைத் திரும்பப் பெற விரும்புவதாகச் சொன்னார். அவைத் தலைவர் வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டார்:

“உறுப்பினர் மசோதாவைத் திரும்பப் பெற அவை அனுமதிக்கிறதா?”

“ஆம்” என்று நாலா பக்கமும் தூக்கக் கலக்கக் குரல்கள். அதற்கு மேலே கடைசி வரிசையிலிருந்து இடி மாதிரி ஒரு குரல்: “இல்லை! இல்லை!”

தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். சிஸ்டர் திரும்பினார். ரயிலண்ணன்தான். முகம் சிவக்க, மேஜையில் குத்திக்கொண்டு நிற்கிறார்.

அந்த அவையின் விதிப்படி ஒரே ஒருத்தர் மறுத்தாலும் திரும்பப் பெற முடியாது. அவைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, “அப்படியானால் வாக்கெடுப்புதான்” என்றார். மணி கட்டடம் முழுக்க அலறியது. கேன்டீனிலிருந்தும் நூலகத்திலிருந்தும் ஆளும் தரப்பினர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். கதவுகளைச் சாத்தினார்கள். எண்ணினார்கள். மசோதா தோற்றது. தோற்றதென்றால் கொஞ்ச நஞ்சமல்ல, மண்ணைக் கவ்வியது.

அமைச்சர் போகிறபோக்கில் சிஸ்டரைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போனார்.

சிஸ்டருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “சொல்லிட்டுத்தானே எழுந்தேன்? தலையை ஆட்டினீங்களே அண்ணே! இப்படிக் கழுத்தறுப்பீங்கன்னு நினைக்கல.”

ரயிலண்ணன் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. மேஜைமேல் இருந்த காகிதங்களை வாரிக்கொண்டு வெளியே போனார்.

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை அறுந்தது. இருக்கையை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே ரெண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். ரயிலண்ணன் வழக்கம்போல் நீட்டும் பெப்பர்மின்ட் மேஜையிலேயே கிடந்து பிசுபிசுக்கும். துப்புரவுக்காரப் பெண்மணி அதை எடுத்துப் போடும்போதெல்லாம் “என்னம்மா, இன்னும் சமாதானம் ஆகலையா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். அவைக்கே தெரிந்த சண்டை ஆகிவிட்டது.

அடுத்த கூட்டத்தொடரில் ஒரு காலை, கேள்வி நேரம். பட்டியலில் ரயிலண்ணனின் கேள்வி இருந்தது. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து கேள்வி எண்ணைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவைத் தலைவருக்கு அன்று பயங்கர ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பெயரைக் கூப்பிட்டார். ரயிலண்ணன் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

“சிக்னல் விழலை போல!” என்று எதிர்வரிசையில் யாரோ சொல்ல, அவையே சிரித்தது.

சிஸ்டர் ஓரக்கண்ணால் பார்த்தார். ரயிலண்ணன் தூங்கவில்லை. கண்ணைக் கொட்டாமல் அவைத் தலைவரின் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது எப்போது விலகும் என்கிற மாதிரி. நெற்றியில் வியர்வை. எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவரும் லேசாகச் சிரித்துவைத்தார்.

அந்தச் சிரிப்பை சிஸ்டர் வார்டில் பார்த்திருக்கிறார். காது போனதை மறைக்கிறவர்களின் சிரிப்பு. ரயிலண்ணனின் முழங்கையில் தட்டி, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, “உங்க கேள்விண்ணே. எழுந்திருங்க” என்றார்.

ரயிலண்ணன் துள்ளி எழுந்தார்.

கேள்வி நேரம் முடிந்ததும் சிஸ்டர் அவரை நடைபாதை ஜன்னலோரம் நிறுத்தினார். வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி நின்றுகொண்டார்.

“எவ்வளவு நாளா கேக்கல?”

“என்ன கேக்கல? நல்லாத்தான் கேக்குது.”

“என்கிட்டயேவா?”

ரயிலண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “இன்ஜின்ல இருந்தப்பவே கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. வாயைப் பார்த்தா புரிஞ்சுக்குவேன். பக்கத்துல உக்காந்து குசுகுசுன்னா ஒண்ணும் விளங்காது.”

“அன்னைக்கு அவைத் தலைவர் என்ன கேட்டார்னு நினைச்சீங்க?”

“அமைச்சர் எதிர்த்துப் பேசி முடிச்சார். நீங்க எழுந்து அந்தப் பக்கம் பார்த்து என்னமோ சொன்னீங்க, முகம் வாடியிருந்துச்சு. நான் உங்களையே பார்த்துக்கிட்டிருந்தப்ப அவர் ஏதோ கேட்டார். எல்லாப் பயலும் ஆம் ஆம்னு தலையாட்டறான். மசோதாவை நிராகரிக்கலாமான்னுதான் கேக்கறார்னு நினைச்சேன் சிஸ்டர். உங்களுக்கு ஒருத்தன்கூட இல்லையேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.”

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு, “அதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!” என்றார்.

“சொன்னா? செவிடன் எதுக்கு மேலவையிலன்னு என் கட்சிக்காரனே கேப்பான். நீங்க திட்டினது தாங்கிக்கிற மாதிரி இருந்துச்சு. அதான்.”

மறுநாளே சிஸ்டர் அவரைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். கேன்டீன் வாசலில் அவர் மற்றவர்களை இழுத்த அதே இழுப்பு. ரயிலண்ணன் காதில் மிஷினோடு அவைக்கு வந்த முதல் நாள், யாரும் யாரையும் பேசவிடாமல் ஒரே அமளி. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவர் சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

“இத்தனை வருஷமா இதையா கேக்காம இருந்தேன்? எவ்வளவு நிம்மதியா இருந்திருக்கேன்!”

சிஸ்டர் சிரித்த சிரிப்பில் அவைத் தலைவரே நிமிர்ந்து பார்த்தார். கட்சியும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மாறாக, வேறு கட்சிகளின் மூத்த உறுப்பினர்கள் ரெண்டு மூன்று பேர் தனித்தனியாக, ரகசியமாக, அந்த டாக்டரின் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

மேலவையில் ஒரே நேரத்தில் எல்லோரும் ஓய்வு பெறுவதில்லை. தவணை தவணையாகத்தான் போவார்கள். சிஸ்டரும் ரயிலண்ணனும் ஒரே தவணை. வழியனுப்பும் நாளில் வருஷம் முழுக்கச் சண்டை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் வானளாவப் புகழ்ந்தார்கள். ரயிலண்ணன் எழுந்து, “எல்லாரும் நல்லாப் பேசினீங்க. நாளையிலேர்ந்து யார் பேச்சையும் கேக்க வேண்டாம்னு நினைச்சா சந்தோஷமாத்தான் இருக்கணும். இல்லையே” என்று உட்கார்ந்துவிட்டார். வெளியே வரும்போது இருவரும் கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் மேஜை மூடியைத் தடவிக் கொடுத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

அதற்கப்புறம் பல வருஷங்கள். சிஸ்டர் மகள் வீட்டோடு வந்துவிட்டார். அமைச்சர் மாறினார், அரசே மாறியது. வேறொருவர் வேறொரு பெயரில் அதே விஷயத்தைக் கொண்டுவந்தார். மேலவையில் அது நிறைவேறியதை சிஸ்டர் தொலைக்காட்சியில் பார்த்தார். தன் பேரை யாரும் சொல்லவில்லை. அதில் வருத்தமில்லை என்று மகளிடம் சொன்னார். அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. வருத்தமா, சந்தோஷமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

மறுநாள் காலை வாசலில் ஒரு குரல். தெருவே திரும்பிப் பார்க்கிற குரல்.

“சிஸ்டர்! பாஸாயிடுச்சு!”

ரயிலண்ணன். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. மிஷின் இருந்தாலும் போனில் பேசினால் விளங்காது என்று ராத்திரி ரயிலைப் பிடித்து, நேரில் சொல்ல வந்திருக்கிறார். சட்டையெல்லாம் பயணக் கசங்கல். அந்த முகத்தைப் பார்த்ததும் சிஸ்டருக்கு, தெரியும் என்று சொல்ல மனசு வரவில்லை.

“எது அண்ணே?” என்றார்.

அவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை. அமைச்சர் எப்படிப் பேசினார், யார் குறுக்கே எழுந்தார், அவைத் தலைவர் எப்படி அதட்டினார், எல்லாவற்றையும் கூடத்தின் நடுவில் நின்று நடித்தே காட்டினார். மாப்பிள்ளை ஏதோ தகராறு என்று நினைத்து, பாதி ஷேவிங்கோடு ஓடிவந்து நின்றார். சிஸ்டர் கன்னத்தில் கைவைத்து எல்லாவற்றையும் புதுசாகக் கேட்டார். கண் நிறைந்துகொண்டே வந்தது.

அவர் முடித்ததும் சிஸ்டருக்கு வாய் நிற்கவில்லை. “எல்லாம் சரிண்ணே. ஆனா அந்த ஏழாவது பிரிவு மோசம். ஆஸ்பத்திரி விரும்பினா மறுக்கலாம்னு ஓட்டை வச்சிருக்காங்க.”

ரயிலண்ணன் அப்படியே நின்றார். “ஏழாவது பிரிவு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லலையே?”

சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“பார்த்துட்டீங்களா? முழுசாப் பார்த்துட்டுத்தான் என்னை இவ்வளவு நேரம் ஆட விட்டீங்களா?”

“நீங்க சொன்னதுதான் நல்லா இருந்துச்சுண்ணே.”

அவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

“அந்த ஓட்டையை அடைக்கணும்” என்றார் ரயிலண்ணன். “அவைக்குப் பொதுமக்கள் யார் வேணா மனு குடுக்கலாம்ல? இப்ப நாமளும் பொதுமக்கள்தானே?”

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டார். தேநீர் ஆறிக்கொண்டிருக்க, ‘மறுக்கலாம்’ என்பதற்குப் பதிலாக எந்தச் சொல்லைப் போடுவது என்று இருவரும் சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள்.