அச்சேறாத ஒன்பது

மழை ஓய்ந்து வெளுத்த வானத்தினின்று மாலைக் கதிரவன் சிராங்கூன் சாலையின் ஓட்டுக்கூரைகள்மேல் பொன்னை உருக்கி வார்க்க, தேக்காச் சந்தையினின்று கூடை சுமந்தோர் வரிசையாய்த் திரும்ப, மிளகாய் இடிக்கும் காரத்தோடு மல்லிகை மணம் மல்லுக்கு நின்ற, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் ஆண்டின் அந்த வேளையை, கற்றறிந்த பெருமக்களே, நெஞ்சில் நிறுத்துக!

அச்சாலையில் மளிகை விற்ற நெய்னா முகம்மதின் மகள் நஃபீசா, ஐம்பதுகளில் கடல் கடந்து விண்ணியல் கற்று மீண்டு, கல்லூரியொன்றில் விரிவுரையாளராய் அமர்ந்தவள். பேரண்டம் பிறந்த பொழுது கொதித்த கொதிப்பு இன்னும் முற்றும் ஆறியிராது, அதன் மிச்ச வெம்மை வானெங்கும் பரவியிருக்கும் என்று ஆண்டுக்கணக்கில் கணித்து, இனிக் குளிர இடமே இல்லாத கடுங்குளிருக்கு மேலே ஒன்பது பாகை என அதனை அளவிட்டு எழுதினாள். துறைத்தலைவர் தணிகாசலமோ, அண்டத்துக்குத் தொடக்கமே இல்லையென்று அடித்துப் பேசியவர். துறையின் இதழில் அச்சேற இருந்த கட்டுரையைத் தடுத்து, அதைக் கைவிடு, அன்றேல் வேலையை விடு என்றார். அடேயப்பா, சோற்றைக் காட்டியா வானத்தை அடக்குவது! அவள் வேலையை விட்டாள். தலைவரின் பரிந்துரை இல்லாத கட்டுரையை வேற்று இதழ்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பள்ளியொன்றில் வாய்பாடு கற்பித்து, நெஞ்சு எரிய அவள் நாள்களை ஓட்டினாள்.

அம்மாலையில்தான் தணிகாசலம் கடையேறி வந்தார்.

"அந்த வெம்மையைக் கண்டுபுடிச்சிட்டாங்கம்மா, அமெரிக்காவில. நீ சொன்னதுதான் சரி. யானைக்கும் அடி சறுக்கும்ல? வேலைக்குத் திரும்பி வந்துடு. கட்டுரையைப் பழைய தேதியிலேயே போட்டுடலாம்." குரலைத் தாழ்த்தினார். "ஆனா அளவு மூணுதான். உன் ஒன்பதை மட்டும் மூணாக்கிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

தந்தையின் முகம் மலர்ந்தது. "சரின்னு சொல்லும்மா. போன வேலை வீடு தேடி வருதே!"

நஃபீசாவின் உள்ளம் துள்ளத்தான் செய்தது. உலகையே முந்திய பெருமையன்றோ கைக்கெட்டும் தொலைவில் நின்றது! ஆயினும் அவள் நிமிர்ந்தாள்.

"ஒன்பதுன்னு எழுதினேன், ஒன்பதுன்னே வரட்டும் சார். கணக்குல தப்பினது நான். அண்டத்துக்குத் தொடக்கம் உண்டான்னு கேக்கவே கூடாதுன்னு தடுத்தது நீங்க. ரெண்டும் அச்சுல வரணும்."

"அப்ப வேலை?"

"அப்படிப் போட்டா வர்றேன். இல்லேன்னா பள்ளிக்கூடம் இருக்குலா!"

முகம் சிவந்த தணிகாசலம், வைத்த தேநீரைத் தொடாமலே படியிறங்கிப் போனார். நெய்னா முகம்மது தலையில் கைவைத்து அமர்ந்தார். மகளோ கலங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு உதவியாய்க் கடையைக் கவனித்தாள்.

கட்டுரை அச்சேறவில்லை, கல்லூரியும் அவளை அழைக்கவில்லை. மறுநாட் காலை மாணவியர் முன் நின்று, வானத்தின் வெம்மை மூன்று பாகை, தான் ஒன்பது என்றது பிழை என்று உரக்கச் சொல்லிவிட்டே அவள் பாடத்தைத் தொடங்கினாள். தன் பிழையைத் தானே ஊரறியச் சொல்லத் துணிந்த ஒருத்தியை, எந்தப் பதவியைக் காட்டி எவர் அச்சுறுத்த இயலும்?