ஐந்து குடுக்கைத் தண்ணீர்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில், ஒரு கோடையில் ஏரி வற்றி உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. ஏரிக்கரை ஊரான தோணிரேவில் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அந்த நேரம் பார்த்து, அக்கரைத் தீவில் வாழ்க்கைப்பட்டிருந்த சாமுண்டீஸ்வரிக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி வந்தது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர முடியாமல் போன வருத்தத்தில் இருந்த பச்சையம்மா, நடந்தாவது போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

விடிகாலையில் புறப்பட்டால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். வழியில் கிணறு கிடையாது, நிழல் கிடையாது. காயவைத்த சுரைக்காய்க் குடுக்கையில் எவ்வளவு தண்ணீர் எடுத்துப்போவது என்பதில்தான் புருஷன் துளசிங்கத்தோடு தகராறு வந்தது.

"ரெண்டு சொரக்குடுக்கை போதும். பாரம் கொறஞ்சாதான் வெரசா நடக்கலாம்," என்றான் அவன்.

மறுநாள் பச்சையம்மா ஒரு குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டு காலை முதல் உச்சிப் பொழுது வரை மணலில் நடந்துவிட்டு வந்தாள். குடுக்கை காலி.

"அரைப் பொழுதுக்கு மூணு செம்பு குடிச்சேன். ஒரு குடுக்கைக்கு மூணு செம்பு. முழுப் பொழுதுக்கு ஆளுக்கு ரெண்டு, ரெண்டு பேருக்கு நாலு குடுக்கை. கொட்டிப்போனா இன்னா பண்றதுனு மேல ஒண்ணு. அஞ்சு."

"கல்யாணத்துக்குத் தண்ணி கொண்டுபோறியா?" என்று அவன் சிரித்தான். பேசிப் பேசி நாலில் வந்து நின்றது. ஒரு நிபந்தனையோடுதான் அவள் ஒப்புக்கொண்டாள். பாதி வழியில் மீன்வலை கட்டும் பழைய தறிக்கம்புகள் நட்டிருக்கும். அதை எட்டுமுன் பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்பிவிட வேண்டும்.

காவடியின் முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகக் குடுக்கைகளைத் தொங்கவிட்டுத் துளசிங்கம் நடந்தான். குழந்தைக்கு வாங்கிய வெண்கலத் தவலையைப் பச்சையம்மா தலையில் வைத்திருந்தாள். வெயில் ஏறியபோது உப்புப் பொருக்கு உடைந்து துளசிங்கத்தின் கால் சேற்றில் இறங்கியது. மல்லாந்து விழுந்தான். பின்பக்கத்துக் குடுக்கை இரண்டும் அவன் முதுகுக்கடியில் நொறுங்கின. முன்னால் ஒன்று முழுசாக இருந்தது. மற்றதில் பாதி ஏற்கனவே குடித்தாகிவிட்டது.

தறிகள் கண்ணுக்கே தெரியவில்லை.

"திரும்பிப்போகப் போதும். முன்னால போகப் போதாது," என்றாள் பச்சையம்மா.

துளசிங்கம் முதுகுச் சேற்றைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தான். "நீ அஞ்சுனு சொன்னே. நான்தான் கேக்கல," என்றான். எழுந்து திரும்பி நடந்தார்கள்.

நூறு அடி போயிருக்க மாட்டார்கள், கிழக்கே யாரோ கூப்பிடும் குரல் கேட்டது. ஒரு மாட்டுவண்டி அச்சு வரை புதைந்து நின்றது. வண்டிக்காரன் எல்லப்பன் தலையில் கைவைத்து நின்றான். பக்கத்தில் ஒரு வாலிப ஒல்லாந்த வியாபாரி, வெயிலில் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தான். தீவுக்கு விறகு விலை பேசப் போகிறானாம். வண்டியில் மூன்று பெரிய பீப்பாய்கள் இருந்தன.

"அதுல இன்னா?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"தண்ணிதான். வழியில தாகத்துல செத்துடுவோம்னு யாரோ துரைய பயமுறுத்திட்டாங்க. மாட்டுக்குக் கூட ஊத்த வுட மாட்டேன்றார்."

நுரை தள்ளி நின்ற மாடுகளைப் பார்த்ததும் பச்சையம்மாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "வண்டிய அமுக்கறதே அந்தத் தண்ணிதானு சொல்லு. நாளு பூரா நடந்தாலும் ஆளுக்கு ஆறு செம்பு. நான் நடந்து பாத்துட்டுச் சொல்றேன். ஒரு பீப்பா வெச்சிக்கினாலே மிச்சம் ஆவும்."

எல்லப்பன் ஒல்லாந்தர் பாஷையில் சொன்னான். ஒல்லாந்தன் பீப்பாய்களைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். ஆறு விரல் காட்டி, "ஆறு?" என்று தமிழிலேயே கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் தானே பீப்பாயின் அடைப்பைப் பிடுங்கினான்.

பச்சையம்மா தவலையை நீட்டினாள். மாடுகள் தவலை தவலையாக உறிஞ்சின. இன்னொரு பீப்பாயை இறக்கி, வழியே வருகிறவர்களுக்கு ஆகட்டும் என்று அங்கேயே நிறுத்தினார்கள். துளசிங்கமும் ஒல்லாந்தனும் ஆளுக்கொரு சக்கரத்தில் தோள் கொடுத்தார்கள். தெம்பு வந்த மாடுகள் ஒரே இழுப்பில் வண்டியைக் கெட்டித் தரைக்கு ஏற்றிவிட்டன.

"ஏறுங்க, தீவு வரைக்கும்தான போறோம்," என்றான் எல்லப்பன்.

பொழுது இருக்கும்போதே தீவுக்குப் போய்விட்டார்கள். மருமகன் நுங்கு வெட்டிக் கொடுத்தான். ஒல்லாந்தன் ஒன்பது நுங்கு தின்றுவிட்டு விறகுப் பேச்சை நாளைக்குத் தள்ளிவைத்தான். சாமுண்டீஸ்வரி அம்மாவைக் கண்டதும் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பச்சையம்மா பேத்தியை மடியில் வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பும்வரை இருவரும் அங்கேயே தங்கினார்கள். பிறகு மகளையும் பேத்தியையும் படகில் ஏற்றிக்கொண்டு தோணிரேவுக்கு வந்து சேர்ந்தார்கள்.