மூத்த கை

சோதனைக்கூடத்துப் பெண்ணுக்கு வயது இருபத்தெட்டு; அவளுடைய வலது கைக்கு நாற்பத்தொன்று. போன் கம்பெனியில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பு என்று அவர்கள் சொல்லும் இரும்புப் பெட்டிக்குள் புது போன்களை அடுக்கிச் சூடேற்றினால், ஒரு வருடத் தேய்மானம் சில வாரங்களில் தெரிந்துவிடும். தட்டுகளைத் திருப்பி வைக்கக் கையை உள்ளே விட வேண்டும். அவள் சேர்ந்த புதிதில் ஒரு வருடத்தை மூன்று மாதத்தில் ஓட்டினார்கள். வருடா வருடம் அதே தேதியில் புது மாடல் கடைக்கு வந்தாக வேண்டும். வேலையோ கூடிக்கொண்டே போனது. குறைப்பதற்கென்று சோதனை நாட்கள்தான் இருந்தன. ஆறாவது வருடம், ஒன்பதே நாளில் ஒரு வருடம் ஓடியது. கையில் நரம்பு புடைத்தது, நகம் மங்கியது. வளையலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த வருடத்து மாடலில், இருபது போனுக்கு மூன்று, அடுப்புக் கணக்கில் பதினான்காவது மாதம் பேட்டரி சூடேறி உப்பின. அன்று வெளியே எடுத்த கையில், உள்ளங்கைக்குக் குறுக்கே ஒரு தீத்தழும்பு இருந்தது. கம்பெனி நர்ஸ் அழுத்திப் பார்த்தாள்.

"இது எப்பவோ ஆறின தழும்பு. எப்பம்மா சுட்டுக்கிட்டே?"

"இன்னும் சுட்டுக்கல."

நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

மேனேஜர் அறிக்கையைப் பார்த்தார், கையைப் பார்க்கவில்லை. வெளியீட்டுக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. "பன்னிரண்டாவது மாசம் அடுத்த மாடல் வந்துடும். பதினாலாவது மாசம் வரைக்கும் இதை யாரும்மா வச்சிருக்கப் போறாங்க?"

"எங்க அப்பா வச்சிருப்பார் சார்."

"அப்ப அவர்கிட்ட சொல்லிடு" என்று, அவள் போட மறுத்த கையெழுத்தை அவரே போட்டார்.

சொன்னாள். ஆனால் வெளியீட்டு நாளன்றே அக்கா மாப்பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்த போன் அப்பாவின் சட்டைப் பையில், நெஞ்சுக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. "பழசுல மருந்துக்கடை ஆப்கூட ஓட மாட்டேங்குது. புதுசையும் வேணாங்கறே. நான் என்ன, புறா வளர்க்கட்டுமா?" என்றார், ஓய்வு பெற்ற லாரி டிரைவரான அப்பா.

அதன்பின் அவள் எதையும் நம்பவில்லை. காலையில் டீ கொடுக்கும்போது அப்பாவின் பையைத் தொட்டுப் பார்த்தாள். பேருந்தில் பக்கத்தில் நிற்பவர்களின் பைகளை முறைத்தாள். பன்னிரண்டாவது மாதம் ஓர் அப்டேட் வந்தது. அதற்குப் பிறகு போன் தன் சூட்டைத் திரையில் காட்டுவதை நிறுத்திக்கொண்டது.

பதினான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பை உப்பியது. வலது கையை விட்டுப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். தோல் கருகும் வாசனை வந்தது, வலி வரவில்லை. தழும்பு இருந்த இடத்தில் தழும்புதான் இருந்தது. அப்பாவின் சட்டை ஓட்டை. நெஞ்சில் கீறல்கூட இல்லை. அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தபடி கேட்டார்.

"உங்க மேனேஜர் எந்த மாடல் வச்சிருக்கான்?"

"அடுத்த வருஷத்தோடது."

தெரு முழுக்க அதே போன். கம்பெனியை அழைத்தவர்களுக்கு, அது பழைய மாடல், புகார் எடுப்பதில்லை என்று பதில் வந்தது. எனவே, குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவதுபோல அவளைக் கூப்பிட்டார்கள். வருவாள், பைக்குள் கையை விடுவாள், எறிவாள், போவாள். அந்த மாதம் மட்டும் பதினேழு போன்.

அடுத்த வெளியீடு குறித்த தேதியில் நடந்தது. அவளைக் கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். அந்த வழியாக வந்தவளைப் பார்த்து நலம் விசாரித்தார்கள். கடைசியில் நின்ற தையல்காரர் மட்டும், "இன்னும் பதினாலு மாசத்துக்கு வெளியூர் எங்கேயும் போயிடாதம்மா" என்று சொல்லிவைத்தார்.